முழு வருகைப் பரிசு

அந்தப் பேச்சைத் திருமூர்த்தி பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. சில நாள் நம்பினான், சில நாள் நம்பவில்லை. நம்பாத நாட்கள்தான் அதிகம். "நீ வர்றதுக்கு முந்தியே முடிவு பண்ணியாச்சுப்பா. உன்ற ரிப்போர்ட்டை யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கலை. நிம்மதியாப் போ." பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூளை நாக்கு தானாகத் தேடிப் போவதுபோல அவன் மனம் சும்மா இருக்கும் போதெல்லாம் இந்த மூன்று வாக்கியங்களிடம் போகும். பஸ்ஸில் போகும், பல் தேய்க்கையில் போகும், மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தபோதுகூட ஒரு தரம் போனது. இப்போது அதைச் சொன்ன மனுஷர் அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். கணபதி ஏரியாவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையம். வெறும் வயிற்றில் ஒரு தரம் எடுத்தாகிவிட்டது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தரம் எடுக்க வேண்டும். மனைவி சரசு கட்டிக் கொடுத்த இட்லியை மாடிப்படியில் நின்றபடியே தின்று முடித்துவிட்டு உள்ளே வந்து, காலித் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். தலையில் முடி போய்விட்டிருந்தது, காதில் முளைத்திருந்தது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. சட்டைப் பையில் மட்டும் அன்று போலவே பேனா. வேலையை விட்டு இத்தனை காலம் ஆன பிறகு எதில் கையெழுத்துப் போட இந்தப் பேனா? கோவர்த்தனன் சார் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சத்தம் அணைத்து வைத்த டிவியில் யாரோ ஒரு பெண் குழம்பு தாளிப்பதை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் முதலில் செய்தது தூக்குப்போசியைத் திருப்பி வைத்ததுதான். அதன் வயிற்றில் எழுத்து வெட்டியிருந்தது. தேய்ந்துவிட்டது, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்தால் படிக்கலாம். கம்பெனி பெயர், அதன் கீழே "முழு வருகைப் பரிசு", அதன் கீழே ஜி. திருமூர்த்தி, வைண்டிங். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி வார்னிஷ் பூசுகிற பிரிவு அது. ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்த பிறகு, வருஷம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கோவர்த்தனன் சார்தான் கொடுத்தார், பெர்சனல் ஆபீசர் என்ற முறையில். கை குலுக்கினார். குலுக்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? எல்லோருக்கும் சிரித்த சிரிப்பா, அவனுக்கென்று தனியாகச் சிரித்ததா? கீழே வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான் வைண்டிங் சிநேகிதன் சென்னியப்பன், வாயில் பொரியோடு. வீட்டில் திருமூர்த்தி எத்தனையோ தரம் சொல்லிவிட்டான், அந்தச் சனியனை எடைக்குப் போடு என்று. "நல்ல கனமான பாத்திரமுங்க, இப்பெல்லாம் இப்படி வர்றதே இல்ல, எதுக்குப் போடோணும்?" என்பாள் சரசு. சண்டை போடலாம். எதற்குச் சண்டை என்று சொல்ல வேண்டி வரும். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பாத்திரத்தில்தான் அவனுக்குச் சோறு. ஒவ்வொரு மத்தியானமும் மூடியைத் திறக்கும்போது ஒரு நொடி வார்னிஷ் வாசம் அடிப்பதுபோல இருக்கும். பாத்திரம் ஒரு நாளும் வைண்டிங் பக்கம் போனதில்லை. வாசம் அவன் மூக்கில்தான் இருக்கிறது.

அந்த வருஷத்தில் அவன் எத்தனை நாள் மெஷினுக்கு முன்னால் நின்றான்? வாரத்தில் இரண்டு நாள் நிற்கவே இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணிப் படிப்பில் இரண்டாம் வருஷம். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சாயங்காலம் நடந்த வகுப்பு. முதல் வருஷக் களப்பணியை முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிவிட்டான். இரண்டாம் வருஷம் அது நடக்காது, ஏதாவது ஒரு கம்பெனியின் பெர்சனல் பிரிவில் வேலை நாளில் பகல் முழுக்க இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பட்டம் கிடையாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். வேலை பார்க்கிறவர்களுக்கென்று வகுப்பை வைத்து, வேலை பார்க்கிறவன் வரவே முடியாத நேரத்தில் களப்பணியை வைத்தவர்கள் யாராக இருக்கும் என்று அவன் அப்போதும் யோசித்தான், இப்போதும் யோசிக்கிறான். அந்த ஆள் ஒரு நாளாவது செம்புக் கம்பியைத் தொட்டிருப்பானா? விரல் நுனி பிளந்து, பிளந்த இடத்தில் வார்னிஷ் இறங்கி, அந்த விரலால் வகுப்பில் பேனா பிடித்திருப்பானா? ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் ஒரே கேள்வி. "வைண்டரா? வைண்டருக்கு எதுக்குப்பா இது?" கடைசியில் தன் சொந்தக் கம்பெனியிலேயே போய்க் கேட்டான். கோவர்த்தனன் சார் உடனே சரி என்றார். நம்ம பையன்தானே என்றார். "ஆனா ஒண்ணு. ஷிப்ட்டை நீயே பாத்துக்கோணும். உனக்குன்னு தனியா பர்மிஷன் எல்லாம் எழுத்துல கேக்காதே, அப்புறம் ஆளாளுக்கு வந்து நிப்பானுங்க. யாரையாவது மாத்தி நிக்கச் சொல்லிட்டு வா." அன்று அதைக் கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷன் இருக்கிறாரே என்று. மாத்து நிற்பது வைண்டிங்கில் புதிதல்ல. ஒருவனுக்கு விசேஷம், துக்கம் என்றால் இன்னொருவன் அவன் அட்டையையும் வாசல் கடிகாரத்தில் அடித்துவிட்டு அவன் மெஷினில் நிற்பான். பிறகு இவன் அவனுக்கு நிற்பான். வேலை நடந்தால் சரி என்று மேஸ்திரி வேறு பக்கம் பார்ப்பார். ஒரு நாள் இரண்டு நாள் மாத்து நிற்பவர்கள் இருந்தார்கள். வருஷம் முழுக்க நிற்க ஒருத்தன்தான் இருந்தான், சென்னியப்பன்.

"நீங்க… நீ நம்ம கம்பெனி ஆளுதானே?" கோவர்த்தனன் சார் திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டார். பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தது முடிந்தது. அவன் எழுந்துவிட்டான். இந்த வயதிலும், மில் ஒன்றில் ஹெச்.ஆர். மேனேஜராக இருந்துகொண்டும், அவரைக் கண்டதும் கால் தானாக எழுந்துகொள்கிறது. அதை நினைக்கவே அசிங்கமாக இருந்தது. "ஆமாங்க சார். வைண்டிங் திருமூர்த்திங்க." "திருமூர்த்தி! நம்ம இன்டர்ன்ஷிப் பையன்! உக்காரு, உக்காரு. இப்பிடிப் பக்கத்துல வா. எனக்கு ஒரு காது போச்சு." பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தபோது தூக்குப்போசி கைப்பிடியில் இடித்து மணிபோல ஒலித்தது. அவர் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் எழுத்தைத் தடவினார். "அட, இது நாங்க குடுத்ததல்லோ! இன்னும் வெச்சிருக்கியாப்பா. அந்தக் காலத்து எவர்சில்வர். இதுக்கு கொட்டேஷன் வாங்கினதே நான்தான். மூடி கழண்டு போகலையே?" "போகலீங்க சார்." "போகாது" என்றார் திருப்தியாக. "சுகர் எத்தனை?" "இனித்தான் தெரியோணுமுங்க." "பயப்படாதே. எனக்கு முப்பது வருஷமா இருக்குது. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. அதும்பாட்டுக்கு அது இருக்கும், நம்மபாட்டுக்கு நாம இருக்கலாம்." முப்பது வருஷமா. அப்படியானால் அன்றைக்கும் இருந்திருக்கிறது. அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நீ வைண்டிங்கில் ஆட்கள் அடிக்கடி லீவு போடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய், உன்னிடம்தான் மனசைத் திறந்து பேசுவார்கள் என்று சொன்னபோதும் அவர் ரத்தத்தில் சர்க்கரை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகப்போவதில்லை. எனினும் இவரைப் பற்றித் தனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கும் என்று மனம் ஓடியது.

மனசைத் திறந்துதான் பேசினார்கள். அதுதான் வினை. கேன்டீனில் கடைசி பெஞ்சில் ஆளுக்கு ஒரு டீயோடு உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டிருந்தான். எதிரே காக்கியில் சென்னியப்பன். "ஏனுங்க ஆபீசர், நான் உங்களுக்கு முன்னால உக்காரலாமுங்களா?" "டேய், சும்மா இருடா. ரெண்டு கேள்வி, பதிலச் சொல்லீட்டுப் போ." "கேளு கேளு." "போன மாசம் பூரா நெறைய நாள் வரலை. எதுனால?" சென்னியப்பன் அவனையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். டீ புரையேறி, பெஞ்சைத் தட்டி, பக்கத்து மேஜைக்காரன் முதுகில் தட்டி, "இங்க பாருங்கடா, இவன் என்னைய எதுக்கு வரலைன்னு கேக்கறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஏன்டா, காலையில ஆறு மணிக்கு உன்ற அட்டைய அடிச்சுப்போட்டு உன்ற மெஷின்ல நிக்கறேன். ரெண்டு மணிக்கு என்ற அட்டைய அடிச்சுப்போட்டு என்ற மெஷின்ல நிக்கறேன். ஊடு போய்ச் சேர ராத்திரி பதினொண்ணு. நீ இங்க பேன் காத்து வாங்கோணும்னு ரெண்டு ஆளு வேலைய ஒரே ஒடம்பு பாத்தா, அடுத்த நாள் அந்த ஒடம்பு எந்திரிக்குமாடா?" "அத எழுத முடியாதுடா." "அப்ப என்னதான் எழுதுவ?" "சொந்தக் காரணம்னு எழுதிக்கறேன்." "எழுதிக்க. கேக்கறவனே காரணமா இருந்தா வேற என்னத்த எழுதுவ?" மறுபடி சிரித்தான். கோபமே இல்லை. அதுதான் இப்போதும் தாங்க முடியாதது. ஒரு சொல் கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். "படிச்சு முடி. ஆபீசரா வந்துட்டு என்ற கடனெல்லாம் ஒண்ணாச் சேத்து நின்னு குடு. நான் ஒரு வருசம் ஊட்டுல படுத்துத் தூங்கறேன்" என்றான். அவன் எழுதினான். சொந்தக் காரணங்கள், குடும்பச் சூழல், உடல் அசதி. மற்றவர்கள் சொன்னதையும் எழுதினான். பெயர் எதுவும் போடவில்லை. பெயர் போடவில்லை என்பதை எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். வைண்டிங்கில் இருந்ததே ஒரு கை ஆட்கள். பெயர் எதற்கு?

ரிப்போர்ட்டுக்கு நல்ல மார்க் வந்தது. பட்டம் வந்தது. அதற்குள்ளேயே அதுவும் வந்தது. வடக்கே புதிதாக ஆரம்பித்த யூனிட்டுக்கு வைண்டிங்கிலிருந்து நான்கு பேரை மாற்றினார்கள். யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்தே மாற்றுகிற மாற்றல். போகாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். சென்னியப்பனின் அப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலில் கிடந்தார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவான்? கணக்கை முடித்துக்கொண்டான். திருமூர்த்தி கோவர்த்தனன் சார் அறைக்கு ஓடினான். அப்போதுதான் அந்த மூன்று வாக்கியங்கள். நீ வருவதற்கு முன்பே முடிவு செய்தாயிற்று. யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நிம்மதியாகப் போ. வைத்தியர் மாத்திரை கொடுப்பதுபோலக் கொடுத்தார். அவனும் விழுங்கினான். ஆனால் அது இறங்கவில்லை. பொய் சொல்கிறார், எனக்கு வலிக்கக் கூடாதென்று பொய் சொல்கிறார் என்று ஒரு மனம். எனக்கு வலிக்கக் கூடாதென்று அவருக்கு என்ன வந்தது, தன் காரியத்தை மறைக்கத்தான் பொய் என்று இன்னொரு மனம். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னபோது உள்ளே எங்கோ சின்னதாக ஒரு அவமானம் குத்தியதே, ராத்திரி பகலாக எழுதியதை ஒருத்தன்கூடப் படிக்கவில்லையா என்று, அது எந்த மனம்? சிநேகிதன் வேலை போய் நிற்கிறான், இவனுக்கு ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை என்று வருத்தம். சென்னியப்பன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான் என்று தெரிந்தது. சத்தி ரோட்டில் மஞ்சள் வேன் எது எதிரே வந்தாலும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு தரம் பெட்ரோல் பங்கில் திருப்பிக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது. கன்னம் ஒட்டி, தலை நரைத்து, காக்கிச் சட்டை மட்டும் அதே காக்கி. "சென்னியப்பா" என்றான். அவன் நின்று, மரியாதையாகச் சிரித்து, "நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாம் சௌக்கியங்களா?" என்றான். ஆபீசர் என்று கேலி பண்ணிய அன்றைக்கும் 'ங்க' போட்டான்தான். அதில் ஒரு 'டா' ஒளிந்திருந்தது. இதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. நான் நல்லாருக்கேன் என்று சொல்வதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். வேன் போய்விட்டது. அடித்திருந்தால் பரவாயில்லை என்று அன்று சாயங்காலம் முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

மில்லில் அந்தப் பெண்ணிடம் அவர் வார்த்தையையே சொன்னாயே, அது மட்டும் எப்படி வந்தது என்று மனம் கேட்டது. போன வாரம். அக்கவுன்ட்ஸில் இருக்கும் பிரதீபா. அவளும் சாயங்காலக் கல்லூரிதான், அதே படிப்பு, கவுன்சலிங் பிரிவு. ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு மத்தியானம் இன்டர்ன்ஷிப் இருந்தே ஆக வேண்டுமாம். அவன் மேஜைக்கு முன்னால் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். முதலாளியிடம் பேசி எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. முதலாளி முகத்தைச் சுளிப்பார், இப்படி ஒவ்வொருத்தராக ஆரம்பித்தால் என்பார். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான், வேறெதற்கும் இல்லை, "யாரையாவது மாத்தி விட்டுட்டுப் போயிக்கோம்மா, எழுத்துல எல்லாம் வேண்டாம்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, அது யாருடைய குரல் என்று. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப தேங்க்ஸுங்க சார். கலாவதியக்கா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க சார்." கலாவதிக்கு முழங்கால் வலி. அவளுக்கு அவள் வேலையே அதிகம். அதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து போகலாம் என்றான். இன்றைக்குச் சனி. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒன்றும் இல்லை.

"நம்ம வைண்டிங்ல ஒருத்தன் இருந்தான், சென்னியப்பன்னு. ஞாபகம் இருக்குதுங்களா சார்?" கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது. அவர் டிவியைப் பார்த்தபடியே தலையாட்டினார். "வடக்க போட்டோம். போகலை." திரும்பி அவன் முழங்கையைத் தொட்டார், பஞ்சு ஒட்டியிருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே. "நீ அதையவா இன்னும் நெனைச்சுட்டிருக்கற? அன்னைக்கே சொன்னனே. நீ வர்றதுக்கு முந்தியே முடிவு பண்ணியாச்சுப்பா. உன்ற ரிப்போர்ட்டை யாரும் பிரிச்சுக்கூடப் பாக்கலை. நிம்மதியாப் போ." ஒரு சொல் மாறவில்லை. எத்தனையோ வருஷம் ஆள் எடுக்கிற வேலையில் இருந்து பொய்யைக் கேட்டுக் கேட்டு அவன் காது பழகியிருந்தது. பொய் சொன்னவனுக்கு இத்தனை காலம் கழித்துப் பொய் நினைவிருக்காது. கொஞ்சம் கூட்டுவான், கொஞ்சம் குறைப்பான். இவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கண்ணில் சின்னக் கலக்கம்கூட இல்லை. உண்மையைத்தான் சொல்கிறார். அன்றைக்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் இவர் பொய் சொன்னார் என்று நினைத்ததுதான் அவன் நிம்மதி. பொய் என்றால் இவர் தன்னை உபயோகித்துக்கொண்டார், தான் ஏமாந்தவன். ஏமாந்தவனாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதில் படுத்துக் கிடந்தான். உண்மையென்றால்? ரிப்போர்ட்டை யாரும் பார்க்கவில்லை என்றால், தான் ஆராய்ச்சிக் கேள்விகளோடு வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்றால், அதற்கு முன்னால் அவர்கள் கையில் பார்ப்பதற்கு வேறு என்ன இருந்தது? வாசல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மரப்பலகையில் வரிசையாகச் சொருகி வைத்திருந்த அட்டைகள் இருந்தன. இன்டர்ன்ஷிப்புக்கு வந்து உட்கார்ந்த முதல் வாரத்திலிருந்து திருமூர்த்தியின் அட்டையில் ஒரு நாள்கூட விடுபடவில்லை, சென்னியப்பனின் அட்டை முழுக்க வராத நாட்கள். ஆராய்ச்சியைத் தொடங்கியது பல மாதம் கழித்துத்தான். யாரையாவது மாத்தி நிற்கச் சொல்லிட்டு வா என்று சொன்ன மனுஷருக்கு, அந்த அட்டைகளில் எது யாருடைய நாள் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் மேடையில் சிரித்தாரா? இல்லை, தெரியவே இல்லையா, அட்டையை மட்டும் பார்த்தாரா? எது மோசம்? அந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி, கேட்கிறவனே காரணம் என்று ஒரு வரி எழுதி அதை அவர் மேஜையில் பிரித்து வைத்திருந்தால்?

"திருமூர்த்தி யாருங்க? ரெண்டாவது ரத்தம் எடுக்கோணும், உள்ள வாங்க." உள்ளிருந்து பெண் கூப்பிட்டாள். கோவர்த்தனன் சார் தூக்குப்போசியை எடுத்து, எழுத்து வெளியே தெரியும்படி தன் மடியில் வைத்துக்கொண்டார். "போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார். அவன் எழுந்தான். உள்ளே போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவர் கேட்கும் காதின் பக்கமாகக் குனிந்தான். பார்மலின் மாதிரி ஏதோ மருந்து வாசத்துக்குள்ளிருந்து வார்னிஷ் வாசம் வந்தது.

"என்ற ரிப்போர்ட்டைப் பாக்கலீங்க, சரி. அப்ப எதப் பாத்துங்க சார் சென்னியப்பன் பேரச் சொன்னீங்க?"